டெங்கு உள்ள நாட்டுக்குப் பயணமா? கொசு விரட்டியைக் காலையிலேயே பூசுங்கள்

டெங்கு பரவும் நாட்டில் இருக்கும்போது கொசு விரட்டியைச் சாயங்காலத்துக்கு என்று வைக்காமல், காலையில் அறையை விட்டுக் கிளம்பும் முன்பே பூசிவிடுங்கள். வெயிலுக்கான சன்ஸ்கிரீன் முதலில். அது தோலில் ஊறிய பிறகு அதன் மேல் கொசு விரட்டி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் முன்பும்தான் அதற்கு வேகம் அதிகம். கொசு விரட்டி தோலிலிருந்து மெல்ல ஆவியாகித்தான் வேலை செய்கிறது, அதனால் அது மேலே இருக்க வேண்டும். இரண்டும் கலந்து ஒரே டியூபில் வருவதை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

வாங்கும்போது கொசுவை விரட்டும் வேதிப்பொருளான டீட் (DEET) 20 முதல் 30 சதவீதம் உள்ளதா, இல்லை அதே வேலையைச் செய்யும் பிக்காரிடின் (Picaridin) 20 சதவீதம் உள்ளதா என்று லேபிளில் பாருங்கள். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். பூசிய கையோடு மூக்குக் கண்ணாடியைத் தொட்டால் ஃபிரேம் பிசுபிசுத்துப் போகும். அப்புறம், கணுக்காலை மறக்காதீர்கள், இந்தக் கொசு அங்கேதான் அதிகம் கடிக்கும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசு விரட்டி கூடாது, கொசுவலைதான் சரி. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரொஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே தொடாதீர்கள். பயணம் போன நாட்டை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.