குறி தப்பாத வில்லாளியைப் பகடையில் கொண்டுவருவது எப்படி?

பாண்டிருப்பு, கல்முனைப் பக்கம் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் ஆர்பிஜிக்கு, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் பகடை உருட்டிக் கதை நடத்துகிற விளையாட்டுக்கு, ஒரு பாத்திரம் எழுதச் சொல்லுங்கள், பாதிப்பேர் வில்லோடுதான் வருவார்கள். தாளில் அர்ச்சுனன் என்று இருக்கும், பகடையை உருட்டினால் காக்காய்க்குக் கல் எறிகிறவன் மாதிரி இருப்பான். எங்கள் மேசையில் இதைச் சரிசெய்தது இப்படித்தான்.

முதலில் இருபது முகப் பகடையை ஒதுக்கி வையுங்கள். லூடோப் பெட்டியில் இருக்கிற சாதாரண ஆறுமுகப் பகடை மூன்று போதும், தேடி அலையவும் வேண்டாம். இருபது முகத்தில் 1 விழுவதும் 11 விழுவதும் ஒரே 5 சதவீதம்தான், தேர்ந்தவனுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அவனுடைய ஏற்ற இறக்கம் புதியவனுடையதுதான். மூன்றைக் கூட்டினால் 216 சேர்க்கை, நடு எண்களே அதிகம் வரும்.

அடுத்து திறன் எண், பாத்திரம் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு ஒரு எண். கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் அம்பு பட்டது. திறன் 10 என்றால் 50 சதவீதம், 12க்கு 74, 14க்கு 91, 16க்கு 98. கணக்குப் பார்க்க எனிடைஸ் (AnyDice) என்கிற பகடைக் கணக்குத் தளமே போதும், எக்செல்லில் போட்டு மண்டையைக் குழப்ப வேண்டாம்.

இனிக் கழிவு. தூரம், இருட்டு, ஓடுகிற இலக்கு, ஒவ்வொன்றுக்கும் திறனிலிருந்து 2 அல்லது 4 கழியுங்கள். எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது, ஆனால் வில்லாளி உருவாவதே இங்குதான். 2 கழித்தால் திறன் 16காரன் 98இலிருந்து 91க்கு இறங்குகிறான், திறன் 10 உள்ள புதியவனோ 50இலிருந்து 26க்கு விழுகிறான். இருபது முகப் பகடையில் இதே 2 இரண்டு பேருக்கும் பொதுவாக 10 சதவீதத்தைத்தான் தின்னும். கஷ்டமான நேரத்தில் அசையாமல் நிற்பவன்தான் தேர்ந்தவன் என்பது உங்களுக்குச் சரியென்று பட்டால், மூன்று பகடை அதைச் சும்மாவே செய்து தருகிறது.

சொதப்பல் விதியையும் பாருங்கள். இருபது முகத்தில் 1 விழுந்தால் நாண் அறும் என்று வைத்தால், ஒரு சுற்றில் நான்கு அம்பு விடுகிற வீரனுக்கு 18.5 சதவீதம் சொதப்பல், ஒரே அம்பு விடுகிற கற்றுக்குட்டிக்கு 5. கெட்டிக்காரனுக்குத்தான் அடிக்கடி நாண் அறுகிறது! மூன்று பகடையில் 18 விழுந்தால் மட்டும் சொதப்பல் என்றால் நான்கு அம்புக்கும் சேர்த்து 2 சதவீதத்துக்கும் குறைவு.

குறி பார்த்தல்: எய்யாமல் ஒரு சுற்றுக் காத்திருந்தால் கழிவில் 2 அழியும், ஆனால் மொத்தக் கழிவில் பாதிக்கு மேல் அழியாது. இந்த எல்லை இல்லாவிட்டால் எல்லாரும் சண்டையை விட்டுவிட்டுக் குறி பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சுயம்வரத்து மீன் இலக்கைப் போட்டுப் பார்ப்போம். சுழல்வதற்கு 4, தண்ணீரில் நிழலைப் பார்த்து எய்வதற்கு 4. அர்ச்சுனன் 16இலிருந்து 8க்கு வருகிறான், இரண்டு சுற்றுக் குறி பார்த்தால் 12, அதாவது 74 சதவீதம். நெஞ்சு கொஞ்சம் பதறும், எனக்கு அதுதான் வேண்டும். பக்கத்தில் சும்மா நிற்கிற மரத்தில் எய்யச் சொன்னால் அவனுக்கு உருட்டவே விடாதீர்கள், பட்டது என்று சொல்லிவிட்டுக் கதையை நகர்த்துங்கள்.

பிற்சேர்க்கை: மற்ற அரசர்களும் குறி பார்க்கலாம்தானே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயம். திறன் 10 உள்ளவனும் 6க்கு ஏறி 9 சதவீதம் பெறுகிறான், இருபது அரசர்கள் ஆளுக்கொரு அம்பு விட்டால் யாராவது ஒருவன் மீனை அடிக்க 86 சதவீத வாய்ப்பு, பாரதம் வேறு பக்கம் போய்விடும். அதனால் புது விதி: கழிவு போக 3க்குக் கீழே இறங்கினால் எய்யவே முடியாது, குறி பார்த்தாலும் சரி. அதற்கு மேலே இருக்கிற அரசர்களுக்கு முதலில் வில்லில் நாணேற்றத் தனியாக ஓர் உருட்டு வையுங்கள், பாரதத்திலேயே பலர் அங்குதான் தோற்றார்கள்.

இன்னொன்று மட்டக்களப்பிலிருந்து வந்த கேள்வி, வாவியில் ஆடுகிற தோணியில் நின்று எய்தால்? 4 கழியுங்கள், இதைக் குறி பார்த்து அழிக்க முடியாது. தோணியைப் பிடித்திருப்பவர் தன் திறனில் உருட்டி வென்றால் கழிவு முழுதும் போகும், அதுவரை சும்மா இருந்தவருக்கும் ஒரு வேலை கிடைக்கும்.