தாக்குதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கவில்லை

போன மாதம் குன்னூரில் ஒரு தங்கும் விடுதி. ரிசப்ஷன் முதல் அக்கவுண்ட்ஸ் வரை எல்லாக் கம்ப்யூட்டரும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் பூட்டிக் கிடந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் கோவையிலிருந்து வந்த இரண்டு தம்பிகள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியிருந்தார்கள், எதையும் ஃபார்மட் செய்யவில்லை. ஆனால் அன்றைய மெனு எழுதும் பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியாக இப்படி எழுதி வைத்திருந்தார்கள்: "சம்பவம் ஆரம்பம்: ஞாயிறு இரவு 1.40."

அதே மாதிரி ஒரு வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியவன். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பாஸ்வேர்டு, தெரியாத மெயில், பேக்கப் எடுப்பது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. நான் சொல்லப்போவது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு போய், எப்படி வந்தான், எதையெல்லாம் தொட்டான், என்ன போயிற்று என்று கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளை.

பூட்டிய நேரத்தைப் புகுந்த நேரம் என்று எழுதுவது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி. சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கித் தூள் செய்பவர்கள். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. 'சர்வர்' என்று அவர்கள் சொன்னது மேஜைக்கடியில் இருந்த ஒரு சாதாரண கம்ப்யூட்டர். இலைக் கணக்கு, சம்பளம், பில் எல்லாம் அதில்தான்.

யார் எப்போது உள்ளே வந்தார் என்று கம்ப்யூட்டரே எழுதிவைக்கும் விண்டோஸ் செக்யூரிட்டி லாகைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறு இரவில் ஒரே ஒரு சந்தேகமான லாகின், முக்கால் மணி நேரத்தில் எல்லாம் பூட்டு. சனிக்கிழமை எடுத்த முழு டிஸ்க் பேக்கப்பைக் கணக்குப்பிள்ளை கழற்றிப் பீரோவில் வைத்திருந்தார், அது தப்பித்தது. "சார், சனிக்கிழமை பேக்கப் சுத்தம், போட்டுவிடலாம்" என்றேன் முதலாளியிடம். திங்கள் சாயங்காலம் பில் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. பேக்டரியின் முதல் தரத் தூளில் டீ போட்டுக் கொடுத்தார்கள். பெருமையாகக் குடித்தேன்.

பத்தொன்பதாவது நாள் மறுபடியும் பூட்டிக்கொண்டது. இந்த முறை பேக்கப் டிஸ்க்கும் மாட்டியபடி இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று.

நான் எங்கே கோட்டை விட்டேன்? செக்யூரிட்டி லாகுடைய அளவு, யாரும் மாற்றாவிட்டால், 20 எம்பிதான். நிரம்பினால் பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அந்த பேக்டரியின் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான, அதாவது தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வசதிக்கான கதவான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் கோவையில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் மலையேறி வர அலுத்துப்போய் அவர் செய்த ஏற்பாடு அது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தோல்வியடைந்த ஒவ்வொரு முயற்சியும் 4625 என்ற எண்ணோடு ஒரு வரி. அந்த வரிகளே 20 எம்பியையும் தின்றுவிட்டன. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் லாக் காலியாக இருந்ததற்குக் காரணம், ஒன்றும் நடக்கவில்லை என்பதல்ல. லாகே வெள்ளிக்கிழமைதான் தொடங்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'சுத்தம்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது தடவை போனபோதுதான் பொறுமையாகப் பார்த்தேன். ரிமோட் டெஸ்க்டாப் தொடர்புகளுக்கு 'லோக்கல் செஷன் மேனேஜர்' என்று தனி லாக் உண்டு. தோற்றுப்போன முயற்சிகள் அதில் விழுவதில்லை. உள்ளே வந்தவர்கள் மட்டும்தான். அதனால் அது அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. 21 என்ற எண் போட்ட வரியில் யார், எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார் என்று இருக்கும். முதல் வெளிநாட்டு முகவரி அக்டோபர் 9 அன்று. 'யூசர்ஸ்' ஃபோல்டரில் அந்த பேக்டரியில் யாருக்கும் தெரியாத ஒரு பயனர் பெயர், அந்த ஃபோல்டர் உருவான தேதியும் அதே இரவு. பூட்டுவதற்கு 39 நாள் முன்பே ஆள் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

முதல் தடவையே போர்ட்டை மூடவில்லையா என்று கேட்கலாம். மூடினேன். ஆனால் வெளியிலிருந்து வருவதைத்தான் அது தடுக்கும். சனிக்கிழமை பேக்கப்புக்குள் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் இருந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் ஒரு ரிமோட் மென்பொருளை எழுப்பி, உள்ளேயிருந்து அவனையே கூப்பிடும். பேக்கப்பைப் போட்ட கையோடு திருடனுக்கும் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாத இலைக் கணக்கைப் பிறகு விவசாயிகள் வீட்டில் வைத்திருந்த எடைச்சீட்டுகளை வாங்கித்தான் திரும்ப எழுதினார்கள். மழையில் நனைந்து மை கலைந்த சீட்டுகளைக் கணக்குப்பிள்ளை பல்பு வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எந்த லாகைத் திறந்தாலும் அதன் மிகப் பழைய வரியின் தேதியை முதலில் குறித்துக்கொள்கிறேன். புகுந்த நாள், பரவிய நாட்கள், பூட்டிய நாள் மூன்றுக்கும் தனித்தனி இடம். பேக்கப்பைப் போடுவதற்கு முன், நெட்வொர்க் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் எழுத முடியாதபடி மாட்டி, அந்தப் பயனர், அந்த டாஸ்க் அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் அதற்கு முந்தைய பேக்கப், அதற்கும் முந்தையது. எதுவும் சுத்தமாக இல்லையென்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டேட்டாவை மட்டும் எடுப்பேன்.

ஐந்தரை மணி நேரத்தை மறப்பது

ஊட்டியில் ஓரிடத்தில், நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலின் லாக், திருடன் வந்தது இரவு 8.10 என்றது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்க உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு கிளார்க். இரண்டு நாள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த ஃபயர்வால் யூடிசி நேரத்தில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், எழுதிக்கொண்டிருந்தது. நம் கடிகாரத்தில் அது நள்ளிரவு தாண்டி 1.40, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரம். கருவியின் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு மனிதன் பெயரை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

கம்ப்யூட்டர்களை எண்ணிப் பாதிப்பைச் சொல்வது

"பதினொன்றில் நான்கு போச்சு" என்பது பாதிப்பு இல்லை. என்ன வேலை நின்றது என்பதுதான் பாதிப்பு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் தாக்கப்பட்டவை ஐந்து சர்வர்கள் என்றுதான் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் நோயாளிப் பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் நாள்கணக்கில் கையெழுத்தில் ஓடின. அந்தத் தேயிலை பேக்டரியில் எடைபோடுவது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பறித்த இலை காத்திருக்காது, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடி விழுந்தது விவசாயிகளின் பட்டுவாடாவில்.

அதோடு அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரங்களும் வெளியே போயினவா என்று பார்க்க வேண்டும். பூட்டியதைத் திறந்துவிட்டாலும், திருடிப் போனது திரும்பாது. விண்டோஸ் 10-இல் 'ஸ்ரம்' என்ற ஒரு குறிப்பேடு உண்டு. எந்த புரோகிராம் எவ்வளவு டேட்டா வெளியே அனுப்பியது என்று சுமார் ஒரு மாதத்துக்கு வைத்திருக்கும். அப்பாவிப் பெயரில் ஒரு புரோகிராம் நள்ளிரவில் ஜிபி கணக்கில் அனுப்பியிருந்தால், அது வேறு பெயர் சூட்டிய ஆர்குளோனா, அதாவது கோப்புகளை இணையத்தில் வேறிடத்துக்கு நகலெடுக்கும் மென்பொருளா என்று பாருங்கள்.

மிரட்டல் நோட்டிலுள்ள பெயரை நம்புவது

2022 செப்டம்பரில், லாக்பிட் என்ற கும்பலின் ரான்சம்வேரைத் தயாரித்துக் கொடுக்கும் கருவியான லாக்பிட் 3.0 பில்டர் கசிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் லாக்பிட்.

அட்டாக் பட்டியலைப் படித்து நிரப்புவது

மைட்டர் அட்டாக் என்பது தாக்குபவர்களின் உத்திகளுக்கு எண் போட்ட அட்டவணை. அதில் ஒரு கும்பல் செய்வதாக முப்பது உத்திகள் இருந்தால், முப்பதையும் அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் முதல் வரி 'ஃபிஷிங்'. அந்தத் தேயிலை பேக்டரியில் ஒரு மெயிலும் வரவில்லை. வந்தது திறந்து கிடந்த ரிமோட் சேவை வழியாக, அதாவது டி1133. பூட்டியது டி1486. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, எந்த மெஷினில், எந்தக் கோப்பில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த எண்ணும் வேண்டாம். பத்து உத்திகளில் நான்குதான் நிற்கும். நான்கே போதும்.

கரண்ட் இல்லாமல் அணைந்து கிடந்த மெஷினை ஆன் செய்வது

செய்யாதீர்கள்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கண்ட்ரோலர்கள், அதாவது நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று முடிவு செய்யும் சர்வர்கள், எல்லாம் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்தது அது. அதை வைத்துத்தான் மொத்த நெட்வொர்க்கையும் எழுப்பினார்கள். மழைக்காலத்தில் நம் மலையில் எத்தனை தடவை கரண்ட் போகிறது! அப்படி அணைந்த ஒரு மெஷின் மூலையில் கிடந்தால், அதுதான் உங்களிடம் மிச்சமிருக்கும் பழைய சாட்சி. டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுங்கள்.

எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பது

2022 ஏப்ரல் 28-இல் வந்த செர்ட்-இன் (இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) உத்தரவுப்படி, கவனித்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு முடிந்ததிலிருந்து இல்லை.

குன்னூர் விடுதியில் ரிசப்ஷன் பெண் காலை ஏழரைக்குப் பார்த்திருக்கிறார். நான் தம்பிகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இந்த லாகில் கடைசி வரி சரி, முதல் வரி என்ன தேதி?" ஸ்க்ரோல் செய்துகொண்டே போனார்கள். சனிக்கிழமையில் நின்றது. ஒருவன் எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தான். கேபிளைப் பிடுங்கியிருந்ததால் என் போன் ஹாட்ஸ்பாட்டில், வராந்தாவில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று செர்ட்-இன்னுக்குத் தகவல் அனுப்பினோம். மணி பன்னிரண்டே முக்கால். புகுந்த நாளுக்கான இடத்தில் "சனிக்கிழமைக்கு முன், எப்போதென்று இன்னும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தோம்.