கொய்யா ஒட்டு: கட்டத் தெரிந்தால் போதாது, அவிழ்க்கவும் தெரிய வேண்டும்

ஒட்டுக் கட்டப் பழக இரண்டு தம்பிகள் போன மாதம் என் நாற்றங்காலுக்கு வந்தார்கள். நல்ல கை. ஆனால், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்தார்கள். நிழலில் வை, தண்ணீர் விடு என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக நான் சொல்கிறேன். பேச்சு ஆப்பு ஒட்டைப் பற்றி மட்டும்: வேரோடு நிற்கும் வேர்ச்செடியின் தண்டை வெட்டிப் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, டேப் சுற்றிக் கட்டுவது.

வெட்டிய கையோடு கட்டும் குச்சி

லக்னோ 49 ரகம் ஆகட்டும், அர்கா கிரண் ரகம் ஆகட்டும், ஒட்டுக்குச்சி மரத்தில் இருக்கும்போதே தயாராக வேண்டும். பென்சில் கனக் குச்சியில் காம்பை விட்டுவிட்டு இலைகளை நறுக்குங்கள், நுனியைக் கிள்ளுங்கள். 7 முதல் 10 நாளில் கணுமொட்டுகள் புடைத்து நிற்கும். அப்புறம் வெட்டுங்கள். 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு போதும்.

மழுங்கிய கத்தி

வேண்டவே வேண்டாம்.

நடுவில் செருகிய குச்சி

வேர்ச்செடி தடிமனாக இருந்தால் குச்சியை ஒரு ஓரமாகத் தள்ளிச் செருகுங்கள். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய பச்சைப் படலம்தான் ஒன்றோடொன்று சேரும். நடுக்கட்டை சேராது.

அவிழ்க்காத டேப்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. தெரிந்த ஒருவர் தோட்டத்துக்கு 60 செடி கட்டிக் கொடுத்தேன். எல்லாம் பிடித்தன, இரண்டாம் வருடம் காய்த்தன. ஒரு ஆடிக் காற்றில் போன் வந்தது: "அண்ணே, பதினோரு மரம் ஒடிஞ்சு கெடக்கு."

போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒட்டிலேயே ஒடிந்திருந்தன. ஒட்டுக்கு மேலே தண்டு பருத்திருந்தது, ஒட்டு மட்டும் குப்பிக் கழுத்து மாதிரி ஒடுங்கியிருந்தது. நகத்தால் கீறினேன். பட்டைக்குள்ளிருந்து நான் கட்டிய பாலிதீன் டேப் நூல் நூலாக வந்தது. அவர் அவிழ்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன், நான் அவிழ்த்திருப்பேன் என்று அவர் நினைத்தார்.

பாலிதீன் தானாக மக்காது. தண்டு பருக்கப் பருக்க டேப் பட்டையை நெரிக்கும். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். வழி அடைபட்டால் மேலே வீங்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். செடி பச்சையாகவே நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. காய்ப் பாரமும் காற்றும் சேரும் நாளில்தான் தெரியும், அதற்குள் இரண்டு வருடம் போயிருக்கும்.

கட்டி இரண்டு மாதம் ஆனதும் அவிழ்த்துவிடுங்கள். உருவி இழுத்தால் இளம்பட்டை உரியும். ஒட்டுக்கோடு தெரியும் இரண்டு ஓரங்களையும் விட்டு, நடுப்பக்கத்தில் பிளேடால் மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டால் டேப் தானே விலகும். கட்டிய தேதியைச் செடி நிற்கும் பையில் எழுதி வையுங்கள். செடி வாங்குகிறவர்களும் ஒட்டைத் தடவிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

கவரைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பது

ஒட்டுக்கு மேல் மாட்டும் கவருக்குள் ஈரம் தங்கினால்தான் குச்சி காயாது. துளிர்த்து இலை விரியும் வரை தொடாதீர்கள்.

கீழ்த்துளிர்

ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அன்றே கிள்ளுங்கள். அது வேர்ச்செடியின் துளிர்.

ஒட்டைப் புதைப்பது

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்து மண் அணைக்கும்போதும் அப்படியே.