741 காலை வாரிவிட்டது

நானே செய்த பல்ஸ் இண்டக்‌ஷன் மெட்டல் டிடெக்டரில் (காயிலில் மின் துடிப்பு விட்டு, அது நின்றதும் வரும் சிக்னலை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசியான என்இ5534 போய்விட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், "இதைப் போடுங்க அண்ணாச்சி, கால் எல்லாம் ஒண்ணுதான்" என்று 741 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப்பைக் கொடுத்தார்கள். 2, 3, 4, 6, 7 கால்கள் பொருந்தத்தான் செய்தன. ஆனால் குறுக்குத்துறை ஆற்று மணலில் ஐந்து ரூபாய்க் காசைக் காயிலோடு ஒட்டி வைத்தால்தான் சத்தமே வந்தது.

சிக்னலை ஆயிரம் மடங்கு பெருக்கும் இடம் அது. 741-க்குக் கெயின் பேண்ட்வித் (எவ்வளவு வேகமான சிக்னலை எத்தனை மடங்கு பெருக்க முடியும் என்பதன் அளவு) 1 மெகாஹெர்ட்ஸ்தான், 5534-க்கு 10. பல்ஸ் நின்ற சில மைக்ரோ விநாடிகளில் வரும் சிக்னலுக்கு 741 கண் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அப்புறம் பழைய ஆடியோ மிக்சர் போர்டிலிருந்து ஒரு 5534-ஐக் கழற்றிச் சாக்கெட்டில் மாட்டினேன். ஒரு சாண் தூரத்திலேயே கத்தியது! டிஎல்071 என்ற ஆப்-ஆம்ப்பும் ஓடும், இரைச்சல் கூடுதல். அதைப் போட்டால் ஆஃப்செட் பிரிசெட்டை (அவுட்புட்டைச் சுழியத்துக்குச் சரிசெய்யும் சின்ன வேரியபிள் ரெசிஸ்டர்) 1, 8 கால்களிலிருந்து 1, 5-க்கும், அதன் நடுக்காலைப் பிளஸ் சப்ளையிலிருந்து மைனஸ் சப்ளைக்கும் மாற்ற வேண்டும்.