மலை ரூட்ல 200 கிமீ பிஆர்எம்: முதல் தடவை போறவங்க பண்ணக் கூடாத தப்புகள்

மலை ரூட் பிஆர்எம்முக்கு, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ரைடுக்கு, பேர் குடுத்தவங்க எல்லாரும் முந்தின நாள் நைட் வரைக்கும் கேக்கறது ஒரே கேள்வி, "ஏத்தம் எவ்ளோ இருக்கு?" கேக்க வேண்டியது தான். ஆனா நான் பாத்த வரைக்கும் பாதில விட்டுட்டு பஸ் ஏறினவங்கள்ல நிறைய பேரு ஏத்தத்துல விடல. ஏத்தத்துக்கு முன்னாடி சமதரைல சக்தியை கொட்டிட்டாங்க, இல்லன்னா மேல போய் சேந்த அப்புறம் குளிர்லயும் பசியிலயும் உக்காந்துட்டாங்க.

புதுசா வர்றவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். பிஆர்எம் ரேஸ் கிடையாது. ஆடாக்ஸ் க்ளப் பாரிசியனோட விதிப்படி உலகம் பூரா நடக்கற ரைடு இது, நம்ம நாட்ல ஆடாக்ஸ் இந்தியா கீழ அந்தந்த ஊர் க்ளப் நடத்துது. 200 கிமீக்கு 13.5 மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே சீசன்ல நாலையும் முடிச்சா சூப்பர் ராண்டனர்ங்கற பட்டம். முதல்ல வந்தாலும் கடைசி நிமிஷத்துல வந்தாலும் ஒரே மெடல் தான், ராங்க் எல்லாம் இல்ல. நடத்தறவங்க எல்லாரும் வேலைக்கு போயிட்டு ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வர்ற சைக்கிள்காரங்க, யாருக்கும் சம்பளம் இல்ல. இத மனசுல வச்சிக்கிட்டா பாதி தப்பு நடக்காது.

முதல் தப்பு நேரக் கணக்கு. 200 கிமீ, 13.5 மணி நேரம்னா சராசரி 15 தானே, நான் தினமும் 25ல போறேனேன்னு நினைக்கறோம். அந்த 15க்குள்ள டீ, பஞ்சர், பாத்ரூம், வழி தப்பி திரும்பி வர்றது எல்லாமே அடக்கம். ஒரு உதாரணத்துக்கு ரூட்ல மேட்டுப்பாளையம் டூ கோத்தகிரி இருக்குன்னு வைங்க, 33 கிமீ, கிட்டத்தட்ட முழுசும் ஏத்தம். நல்லா பழகின ஆளே 9 கிமீ வேகத்துல தான் ஏறுவாரு, 3 மணி 40 நிமிஷம் அங்கயே போச்சு. மிச்சம் 167 கிமீக்கு இருக்கறது 9 மணி 50 நிமிஷம், அதாவது நிக்கறதையும் சேத்து 17 சராசரி வேணும். இந்த கணக்கை வீட்ல உக்காந்து ஒரு தாள்ல போட்டுட்டு வாங்க. நடுவுல இருக்கற ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் (நாம வந்து போனதை பதிவு பண்ற செக் பாயிண்ட்) தனித்தனியா மூடற நேரம் இருக்கு, அதையும் எழுதி சைக்கிளோட மேல் கம்பில (டாப் ட்யூப்) ஒட்டிக்கோங்க. காலைல 6க்கு கெளம்பினா 100வது கிமீ கன்ட்ரோல் 12:40க்கு மூடிடும், "ஃபினிஷ்ல புடிச்சிக்கலாம்"னு விட்டா அங்கயே கதை முடிஞ்சிடும்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு. ஸ்டார்ட்ல அம்பது பேர் கூட்டமா கெளம்பும்போது முன்னாடி போற பசங்க 32, 33ல இழுப்பாங்க, இருட்டு, காத்து ஜில்லுனு இருக்கும், கால் புதுசா இருக்கும், நாமளும் பின்னாடியே ஒட்டிக்குவோம். அடிவாரம் வர்றதுக்குள்ள இருபது நிமிஷம் லாபம்னு சந்தோஷமா இருக்கும். அந்த இருபது நிமிஷத்துக்கு மலைல ஒரு மணி நேரம் குடுக்கணும். நானும் என்னோட ரெண்டாவது பிஆர்எம்ல இதே தான் பண்ணேன், ஏழாவது வளைவுல தொடை புடிச்சி ரோட்டோரம் உக்காந்தப்போ தான் புரிஞ்சுது. அடிவாரம் வரைக்கும் பக்கத்துல வர்றவர் கூட முழு வாக்கியமா பேச முடியற வேகத்துல மட்டும் போங்க.

கியர் விஷயத்துல வீம்பு வேண்டாம். பழைய ரோடு பைக்ல முன்னாடி சின்ன செயின்ரிங்ல 39 பல்லு, பின்னாடி பெரிய கியர்ல 25 பல்லுன்னு இருக்கும். 9 கிமீ வேகத்துல ஏறும்போது அதுல நிமிஷத்துக்கு 46 மிதி தான் வரும், ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேல அவ்ளோ பாரம். அதே வேகத்துக்கு முன்னாடி 34, பின்னாடி 32 போட்டா 67 மிதி வரும், முட்டி தப்பிக்கும். ரூட்ல கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவோ, ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறற 40 வளைவோ இருந்தா, கேசட் (பின் சக்கரத்து கியர் செட்) மாத்தற செலவு கண்டிப்பா தகும். ஆனா ரைடுக்கு மொத நாள் மாத்தாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடி மாத்தி ஒரு லாங் ரைடு ஓட்டி பாத்துடுங்க. புது ஷூ, புது சாடில், புது ஷார்ட்ஸ் எல்லாத்துக்கும் இதே தான்.

சாப்பாட்டுல பெரிய தப்பு, பசிச்சப்புறம் சாப்பிடறது. ஏத்தத்துல பசி தெரியாது, திடீர்னு கை நடுங்கும், கண்ணு இருட்டும், அப்புறம் எது சாப்பிட்டாலும் அரை மணி நேரம் ஆகும் உள்ள இறங்க. முக்கால் மணிக்கு ஒரு தடவ ஏதாவது வாய்ல போடுங்க, வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், எது ஒத்துக்குமோ அது. அடிவாரத்துல பரோட்டா சால்னாவை கட்டிட்டு மலை ஏறினா வயிறு பழி வாங்கிடும், ரெண்டு இட்லி போதும், இல்ல கொஞ்சம் தயிர் சாதம். வெறும் தண்ணியா குடிச்சிக்கிட்டே போறதும் ஆபத்து தான், வேர்வைல உப்பு போகுதே, ஒரு பாட்டில்ல தண்ணின்னா இன்னொண்ணுல ஓஆர்எஸ் இருக்கட்டும். இன்னொண்ணு, நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை இருக்கு, கடைல வாங்கிக்கலாம்னு நம்பி ஒரே பாட்டிலோட ஏறாதீங்க. ரோட்டோரம் வாட்டர் ஏடிஎம் வச்சிருப்பாங்க, சில்லறை காசு வச்சிக்கோங்க.

இப்போ இறக்கம். எனக்கு ரொம்ப பயம் தர்ற விஷயம் இது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். மேல போய் சேந்ததும் மனசு லேசாயிடும், நேரம் போச்சேன்னு ஒரு பதட்டமும் இருக்கும், ரெண்டும் சேந்து கைய பிரேக்ல இருந்து எடுக்க சொல்லும். தயவுசெஞ்சு வேண்டாம். கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸும் லாரியும் திரும்பணும்னா ரோட்டோட மொத்த அகலமும் அவங்களுக்கு வேணும், எதிர்ல இருந்து பஸ் வந்தா வளைவுக்கு முன்னாடியே ஓரமா நின்னுடுங்க. மலை ரோட்ல ஏறி வர்ற வண்டிக்கு தான் முதல் வழின்னு விதியே இருக்கு. பிரேக்கை வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்லயே புடிச்சி வேகத்தை கொறைங்க, வளைவு உள்ள போயிட்டு அமுக்கினா சக்கரம் வழுக்கும், அதுவும் தேயிலை எஸ்டேட் பக்கம் காலைல ரோடு ஈரமா இருக்கும். இறக்கம் முழுக்க லேசா புடிச்சிக்கிட்டே வந்தா ரிம் சூடேறும், நல்லா புடிச்சி, விட்டு, மறுபடி புடிச்சி வாங்க. பின்னாடி பிரேக் கட்டை தேஞ்சிருக்கான்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

குளிரும் சேந்துக்கும். ஏறும்போது நனைஞ்ச ஜெர்ஸியோட அப்படியே இறங்கினா கை விரல் மரத்து பிரேக்கே புடிக்க வராது. ஒரு விண்ட் ஷீட்டர் மடிச்சி பாக்கெட்ல வச்சா எடை ஒண்ணும் பெருசா ஏறாது. அதுவும் இல்லன்னா டீக்கடைல பழைய பேப்பர் ரெண்டு தாள் கேட்டு ஜெர்ஸிக்குள்ள நெஞ்சுல வச்சிக்கோங்க, ரொம்ப காலமா சைக்கிள்காரங்க பண்றது தான், நிஜமாவே வேலை செய்யும்.

விதி சம்பந்தப்பட்ட தப்பு சிலது, வேகமா சொல்லிடறேன். முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், ஹெல்மெட், ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் இல்லாம வந்தா ஸ்டார்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, அதுக்கு வாலண்டியர் கிட்ட சண்டை போடாதீங்க. ஃப்ரெண்டு கார் பின்னாடியே வந்து தண்ணி குடுக்கறது கூடாது, கன்ட்ரோல்ல மட்டும் தான் உதவி வாங்கலாம், நடு ரோட்ல வாங்கினா டிஸ்க்வாலிஃபை. வழி தப்பினா குறுக்கு ரோட்ல போய் ரூட்டை புடிக்க கூடாது, எங்க விட்டீங்களோ அங்கயே திரும்பி வந்து தொடரணும். ப்ரெவே கார்டை (கன்ட்ரோல்ல ஸ்டாம்ப் வாங்கற அட்டை) ஜிப்லாக் கவர்ல வைங்க, வேர்வைல நனைஞ்சா எழுதினது அழிஞ்சிடும். ஆள் இல்லாத கன்ட்ரோல்னா என்ன ஆதாரம் கேக்கறாங்கன்னு முன்னாடியே படிச்சிக்கோங்க, ஏடிஎம் ஸ்லிப்பா, பில்லா, சைக்கிளோட போட்டோவா. மலைல சிக்னல் போயிடும், ரூட்டை போன்ல முன்னாடியே இறக்கி வைங்க, முக்கியமான திருப்பங்களை தாள்லயும் எழுதிக்கோங்க.

எனர்ஜி ஜெல் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் திரும்பி பாக்கெட்டுக்குள்ளயே போகணும். வால்பாறை ரோட்ல வரையாடு ரோட்டோரம் நிக்கும், மேல சிங்கவால் குரங்கு இருக்கும், போட்டோவுக்காக அதுங்களுக்கு எதையும் நீட்டாதீங்க. நாம ஒரு நாள் வந்துட்டு போயிடுவோம், அதுங்க அந்த ரோட்டை தினமும் தாண்டணும்.

கடைசியா சொல்றது தான் எனக்கு ரொம்ப முக்கியம், விட்டுட்டு போறதா இருந்தா சொல்லிட்டு போங்க. ஒரு வருஷம் நான் ஓட்டல, மலை மேல இருந்த கன்ட்ரோல்ல வாலண்டியரா உக்காந்திருந்தேன். ஒரு டேபிள், ஸ்டாம்ப், ஒரு கேன் தண்ணி, ஒரு தார் வாழைப்பழம், கூட இன்னொருத்தர். மூடற நேரம் தாண்டிடுச்சு, லிஸ்ட்ல ஒருத்தர் மட்டும் வரல, போன் ஸ்விட்ச் ஆஃப். இருட்டிடுச்சு, லேசா தூறல் வேற. நாங்க ரெண்டு பேரும் வண்டிய எடுத்துட்டு ஒவ்வொரு வளைவுலயும் நின்னு டார்ச் அடிச்சி பள்ளத்துல சைக்கிள் எதாவது கிடக்குதான்னு பாத்துக்கிட்டே இறங்கினோம், அந்த ரெண்டு மணி நேரத்துல மனசு என்னென்னமோ நினைச்சிது. அவர் மதியமே பஸ் ஏறி வீட்டுக்கு போய் தூங்கிட்டாராம், மறுநாள் காலைல தான் தெரிஞ்சுது. அவர் கெட்டவர் இல்ல, விட்டுட்டோமேன்னு கூச்சம், அதான் யார்கிட்டயும் சொல்லல.

டிஎன்எஃப், அதாவது முடிக்காம பாதில விடறது, ஆகறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்லைங்க, எல்லாருக்கும் நடந்திருக்கு, எனக்கு மூணு தடவ. ஆர்கனைசர் நம்பரை போன்ல சேவ் பண்ணி, ப்ரெவே கார்டு பின்னாடியும் எழுதி வைங்க, போன் செத்தா டீக்கடைக்காரர் போன்ல இருந்து கூப்பிடலாம். "நான் விட்டுட்டேன், பத்திரமா இருக்கேன், பஸ்ல போறேன்", இவ்ளோ சொன்னா போதும், உங்க பேரை டிக் பண்ணிட்டு அவங்க டேபிளை மடிச்சிடுவாங்க.