வார்கேம் வாங்குறது வேற, விளையாடுறது வேற: நேரமில்லாத சிங்கப்பூர்வாசிக்கு ஒரு வழி

கம்ப்யூட்டர் வார்கேம் (படைய நகர்த்தி யுத்தம் நடத்துற கேம்) சேர்க்குறதும் அதை உக்காந்து விளையாடுறதும் ரெண்டு தனித்தனி ஹாபி, இதை முதல்ல ஒத்துக்கிட்டாத்தான் மேல பேச முடியும். ஒன்னுக்குக் காசு போதும், இன்னொன்னுக்கு நேரம் வேணும், சிங்கப்பூர்ல வேலை பார்க்குற நம்ம ஆளுங்களுக்குக் காசு மாசா மாசம் வந்துடுது, நேரம் வர்றதில்ல. அதனாலதான் ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில நம்ம லைப்ரரி மட்டும் வீங்கிக்கிட்டே போகுது, திறந்து பார்த்தா பாதி கேமுக்கு "விளையாடிய நேரம் 0" னு காட்டும். சேர்க்குறதே தப்புன்னு நான் சொல்லல, தபால்தலை சேர்க்குறவன் எல்லாம் அதை ஒட்டி லெட்டரா போடுறான்? ஆனா விளையாடணும்னு நெனச்சு வாங்குறதா இருந்தா வாங்குற முறையையே மாத்தணும்.

கணக்கு எங்க ஆரம்பிக்கணும்னா நேரத்துல. வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம்னு கூட்டிப் பார்க்காதீங்க, அது உதவாது. ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் கிடைக்குது, அதை மட்டும் பாருங்க. வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, பிள்ளைங்க ஹோம்வொர்க் பார்த்து, அதுங்க தூங்குனப்புறம் ஒரு முக்கா மணி நேரம், அது ஒரு சைஸ். ஞாயித்துக்கிழமை வீட்டம்மா தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ட்டு அப்படியே அம்மா வீட்டுக்கும் போனாங்கன்னா ஒரு மூணு மணி நேரம், அது வேற சைஸ். எம்ஆர்டி ரயில்ல பொங்கோல்லேர்ந்து ஊருக்குள்ள போற நேரம் இருக்கே, அதுல லேப்டாப் திறக்க முடியாது, ஆனா அதுக்கும் ஒரு உபயோகம் இருக்கு, பின்னாடி சொல்றேன். இந்த ஒவ்வொரு சைஸுக்கும் ஒரே ஒரு கேம். ரெண்டு வேணாம். ஒரு நேரத்துல ஒரு சைஸுக்கு ஒன்னுதான் கையில ஓடணும், மத்தது எல்லாம் அலமாரியில இருக்கட்டும், அதுங்க கோவிச்சுக்காது.

முக்கா மணி நேரக்காரங்களுக்கு என் கைகாட்டல் யூனிட்டி ஆஃப் கமாண்ட். முதல் பாகம் 2011ல வந்தது, 1942-43 ஸ்டாலின்கிராட் பக்கத்துச் சண்டை, ரெண்டாவது பாகம் 2019ல வந்து 1943 துனிசியாவுல ஆரம்பிச்சு மேற்கு ஐரோப்பா பக்கம் போகுது. பார்க்க பொம்மை மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க, சப்ளை விஷயத்துல கடுமையான கேம். எதிரி யூனிட்ட நேரா முட்டி உடைக்கணும்னு அவசியமே இல்ல, அவன் பின்னாடி ரயில் லைனுக்குப் போற பாதைய மறிச்சுட்டா சப்ளை அறுந்து ரெண்டு டர்ன்ல (மாறி மாறி நகர்த்துறதுல ஒரு முறை ஒரு டர்ன்) அவனே தளர்ந்துடுவான், ஆனா அதே வேலைய அவனும் உங்களுக்குச் செய்வான், ஆசைப்பட்டு டேங்க்க ரொம்ப தூரம் விட்டீங்கன்னா அது நடு வழியில நிக்கும். ஒரு சினாரியோ, அதாவது ஒரு தனிச் சண்டை, ஒரே உக்காருல முடிஞ்சுடும், முக்கியமான ஊர இத்தனையாவது டர்னுக்குள்ள புடிச்சா போனஸ்னு இருக்கறதால இழுவை கிடையாது. 1994ல எஸ்எஸ்ஐ கம்பெனி விட்ட பான்சர் ஜெனரல்ல வளர்ந்த ஆளா இருந்தா பான்சர் கோர் எடுத்துக்குங்க, அதே ருசி, 2020ல ரெண்டாவது பாகமும் வந்தாச்சு. பசிபிக் பக்கம் ஆசைன்னா ஆர்டர் ஆஃப் பேட்டில், அதுல பர்மா ரோட்னு தனியா ஒரு பாகமே இருக்கு.

மூணு மணி நேர சைஸுக்கு, கேம் டிசைனர் ஜான் டில்லரோட பான்சர் கேம்பெயின்ஸ் வரிசைய அடிச்சுக்க ஆளில்ல. அவர் 2021ல காலமாயிட்டாரு, இப்ப வார்கேம் டிசைன் ஸ்டூடியோன்னு ஒரு குழு அதையெல்லாம் எடுத்து நடத்துது. இன்டர்ஃபேஸ பார்த்தா தொண்ணூறுகள்ல நின்ன மாதிரி இருக்கும், உண்மையிலேயே முதல் கேம் 1999தான். ஆனா ஒவ்வொரு கேமுலயும் கைக்கு அடக்கமான சின்ன சினாரியோலேர்ந்து மாசக்கணக்கா இழுக்குற முழு கேம்பெயின் வரைக்கும் வரிசையா வெச்சிருப்பாங்க, "கெட்டிங் ஸ்டார்ட்டட்" னு கத்துக்குடுக்கறதுக்கே தனியா ஒன்னு இருக்கும். மியுஸ் 43 னு ஒரு இலவச டெமோவும் இருக்கு, காசு குடுக்கறதுக்கு முன்ன அதை இறக்கிப் பாருங்க, அந்த இன்டர்ஃபேஸ் உங்க கண்ணுக்குச் சரிப்படலன்னா வேற எதுவும் சரிப்படாது, அந்த வரிசை மொத்தமும் ஒரே முகம்தான்.

இப்ப பெரிய யானைகளுக்கு வருவோம், ஏன்னா எல்லாரும் வாங்கி வெச்சுட்டு தொடாம இருக்கறது இதைத்தான். கேரி கிரிக்ஸ்பியோட வார் இன் தி ஈஸ்ட், ஜெர்மனி ரஷ்யா யுத்தம், ஒரு டர்ன் ஒரு வாரம், 1941 ஜூன் 22ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் போனா 200க்கு மேல டர்ன். இன்னொன்னு 2009ல வந்த வார் இன் தி பசிபிக் அட்மிரல்ஸ் எடிஷன். இதுல ஒரு டர்ன் ஒரு நாள். 1941 டிசம்பர்லேர்ந்து ஜப்பான் நிஜத்துல சரணடைஞ்ச 1945 ஆகஸ்ட் வரைக்கும் எண்ணினா 1,300க்கு மேல டர்ன் வருது, தினம் ஒரு டர்ன் தவறாம போட்டாலும் மூணே முக்கால் வருஷம், அதாவது நிஜ யுத்தம் ஓடுன அதே வேகம்! இருந்தாலும் சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு இதைத் தொடாம இருக்க மனசு வருமா, மேப்புல நம்ம தீவே ஒரு ஹெக்ஸா (ஆறு பக்கக் கட்டம்) இருக்கு, துறைமுகத்துல பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் நிக்குது, மலாயா வடக்க 11வது இந்திய டிவிஷன் நிக்குது, அதுல நம்மூர்லேர்ந்து வந்த பசங்க எத்தனை பேரோ, ஜப்பான்காரன் கோத்தா பாருவுல இறங்கிக்கிட்டு இருக்கான். நிஜத்துல அந்த ரெண்டு கப்பலும் டிசம்பர் 10ம் தேதி ஜப்பான் விமானங்க போட்ட டார்பிடோவுலயும் குண்டுலயும் முழுகிப்போச்சு. கேமுல அதைத் திருப்பி கொழும்புக்கு அனுப்புறீங்களா, இல்ல வடக்க விடுறீங்களா, அது உங்க கையில.

யானைய கட்டி மேய்க்க ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். ஒன்னு, நேரம் கம்மியா இருக்கறவங்க நேச நாடுகள் பக்கம் விளையாடுங்க, ஜப்பான் பக்கம் போனா தொழிற்சாலை உற்பத்தி எல்லாம் நீங்களே பார்க்கணும், விமான இன்ஜின் எத்தனை செய்யணும்ங்கற வரைக்கும், நேச நாட்டுக்காரனுக்கு அந்தத் தலைவலி இல்ல, வர்றது வரும். ரெண்டு, ஒவ்வொரு டர்னுக்கும் எல்லாத்தையும் பார்க்காதீங்க. புதுசா வர்றவங்க பெரும்பாலும் கவுந்து போறது இங்கதான், முதல் டர்ன்லயே கராச்சிலேர்ந்து சியாட்டல் வரைக்கும் ஒவ்வொரு ஊரா கிளிக் பண்ணிப் பார்த்துட்டு, ராத்திரி ரெண்டு மணியாயிடும், அதோட சரி, மறுபடி திறக்க மாட்டாங்க. தினசரி டர்ன்ல கப்பல் படையும் சண்டை நடக்குற இடத்து விமானங்களும் மட்டும். கான்வாய், பைலட் ட்ரெயினிங், பின்னாடி இருக்குற ஊர்களோட சப்ளை இதெல்லாம் கேம் கணக்குல வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும், நான் கேம் தேதி 7, 14, 21, 28 வந்தா அதைப் பார்ப்பேன். இதுவும் முடியாதுன்னா முழு கேம்பெயின விட்டுட்டு அதே கேமுல இருக்குற சின்ன சினாரியோ, கோரல் சீ மாதிரி, எடுத்துக்குங்க. கேம் வாங்கினா அதுல இருக்குற பெரிய கேம்பெயின முடிச்சே ஆகணும்னு சட்டமா இருக்கு?

டர்ன் முடிஞ்சதும் நோட் போடுங்க. எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். நம்மளால தொடர்ந்து விளையாட முடியாது, நடுவுல ஓவர்டைம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ரெண்டு வாரம் கழிச்சு சேவ் ஃபைல திறந்தா ஏன் இந்தக் கப்பல் இங்க நிக்குதுன்னு ஒன்னும் புரியாது, முழிச்சுட்டு மூடிடுவோம். போன்ல நாலு வரி போதும். இப்படி:

"1941 டிச 9. ரெண்டு பெரிய கப்பலும் கொழும்புக்கு, கூடப் போற சின்னக் கப்பலுக்கு எண்ணெய் பத்துமான்னு பாரு. 11வது டிவிஷன் பின்வாங்கட்டும், சண்டை வேணாம். பினாங்கு போனா போகட்டும். அடுத்த டர்ன்: மணிலா நீர்மூழ்கிங்க எங்க போகுதுன்னு முடிவு பண்ணு."

என்ன நடந்துச்சுன்னு எழுதாதீங்க, அது சேவ் ஃபைல்லயே இருக்கு. என்ன நெனச்சீங்க, அடுத்து என்ன செய்யணும், அதை எழுதுங்க. மறுபடி உக்காரும்போது அஞ்சு நிமிஷத்துல உள்ள போயிடலாம்.

எம்ஆர்டி நேரத்துக்கு வர்றேன். மேனுவல்! இந்த கேமுங்க மேனுவல் சில நூறு பக்கம் வரும், அதை வீட்டுல விளையாடுற நேரத்துல படிச்சா விளையாட நேரம் இருக்காது. வார்கேம் வெளியிடுற மேட்ரிக்ஸ் கம்பெனி பல கேமுக்கு மேனுவல் பிடிஎஃப கேம் வாங்காமலே இறக்க விடுது, அதைப் போன்ல போட்டுக்கிட்டு ரயில்ல ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். இதுல இன்னொரு லாபம் இருக்கு. ஸ்டீம்ல ரீஃபண்ட் வேணும்னா வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடுன நேரம் 2 மணிக்குள்ள இருக்கணும், வார்கேமுக்கு இந்த 2 மணி நேரம் ட்யூட்டோரியலுக்கே பத்தாது, கேம திறந்து வெச்சுட்டு கோப்பி கலக்கப் போனாலும் மீட்டர் ஓடும். அதனால மேனுவல முதல்ல படிச்சு, அதுக்கப்புறமும் ஆசை மிச்சம் இருந்தா வாங்குங்க. பாதி பேருக்கு நாப்பதாவது பக்கத்துலயே ஆசை தீந்துடும், அதுவும் நல்லதுதான்.

வாங்குறதப் பத்தி வேகமா சொல்லிடறேன். முழு விலைக்கு வாங்காதீங்க, இந்த வகை கேம் பழசாகாது, மேட்ரிக்ஸ் டிசம்பர்ல சேல் போடும், ஸ்டீம்ல வருஷத்துக்குப் பல தடவை வரும். ஸ்டீம்ல விலை சிங்கப்பூர் வெள்ளியிலேயே தெரியும், வெளிநாட்டுக் கரன்சியில போடுற கடைன்னா கார்டு கன்வர்ஷன் சார்ஜையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்க, 2020லேர்ந்து வெளிநாட்டு டிஜிட்டல் சாமானுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்ப அது 9 சதவீதம். ஒரு சைஸுக்கு ஒரு கேம்னு சொன்னேன்ல, சேல் வரும்போது அந்த இடம் காலியா இருந்தாத்தான் விளையாட வாங்கணும். காலியா இல்லையா, அப்ப அது சேகரிப்புக்கு வாங்குறது, வாங்குங்க, ஆனா அதை விளையாடலையேன்னு அப்புறம் மனசு கஷ்டப்படக்கூடாது. காசே செலவழிக்க வேணாம்னா வின்எஸ்பிடபிள்யூ2 இருக்கு, 1995ல வந்த ஸ்டீல் பாந்தர்ஸோட வாரிசு, இலவச பதிப்பே பல வருஷத்துக்குத் தாங்கும்.

பெட்டியோட பழைய கேம் சேர்க்குறவங்களுக்குத் தனிக் கதை. ஒரு காலத்துல கம்ப்யூட்டர் சாமான் விக்குற சிம் லிம் ஸ்கொயர்ல தேடலாம், சுங்கை ரோடு திருட்டு மார்க்கெட்ல தரையில பரப்பி வெச்சிருப்பாங்க, அது 2017 ஜூலையோட மூடியாச்சு. இப்ப பழைய சாமான் வாங்கி விக்குற கரோசல் ஆப்தான், எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல கைமாத்திக்கறது. வாங்கறதுக்கு முன்ன மேனுவல் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பெட்டி வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள பூஞ்சை புள்ளி புள்ளியா இருக்கும், நம்ம ஊரு ஈரப்பதம் அப்படி. டிஸ்க்கு நல்லா இருந்தாலும் ஓடும்னு நம்பாதீங்க, சேஃப்டிஸ்க் காப்பி தடுப்பு போட்ட பழைய சிடிங்கள விண்டோஸ் 10 உள்ளயே விடாது, டாஸ் காலத்து கேம்தான் இதைவிட சுலபம், டாஸ்பாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா ஓடிடும். க்ளோஸ் காம்பேட் பழைய பாகங்க மாதிரி சிலது டிஜிட்டலா மறுபடி வந்திருக்கு, அப்படி வந்திருந்தா விளையாட அதை வாங்கிட்டு பெட்டிய அழகுக்கு வெச்சுக்குங்க. எங்க வெக்கறதுன்னா, வீவக அடுக்குமாடி வீட்டுல பல பேர் பாம் ஷெல்ட்டர் அறையிலதான் வெப்பாங்க, யுத்த கேமுக்குப் பொருத்தமான இடம்தான், ஆனா கதவ மூடியே வெச்சா உள்ள புழுங்கும். காத்துப்புகாத ப்ளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், அப்பப்ப மாத்துங்க, டிஸ்க்க இமேஜ் எடுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டுடுங்க.

தனியா விளையாடுனா தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்போம்னு தெரிஞ்சவங்க ஆள் புடிங்க, ஈமெயில்ல ஃபைல் அனுப்பி விளையாடுற முறை. எதிர்ல ஒருத்தன் காத்திருக்கான்ங்கற ஒரு கூச்சம் போதும், டர்ன் தானா நகரும். இதுக்கு இங்கிலாந்து, ஐரோப்பா ஆளுங்க நமக்கு ரொம்பத் தோது. லண்டன்காரன் சாயங்காலம் ஆறு மணிக்கு வேலைவிட்டு வந்து உக்காரும்போது நமக்கு நடு ராத்திரி தாண்டி ஒன்னு ரெண்டு மணி, நம்ம தூங்கறப்ப அவன் டர்ன் போடுவான், காலையில எழுந்தா ஃபைல் வந்திருக்கும், ராத்திரி நம்ம திருப்பி அனுப்பிடலாம், யாரும் யாருக்காகவும் உக்காந்து காத்திருக்க வேணாம். ஸ்லிதரின் கம்பெனி வெளியிடுற கேமுகள்ல அவங்க சர்வர் வழியாவே இது நடக்கும், மத்ததுல பழைய முறை, ஃபைல அட்டாச் பண்ணி அனுப்பறதுதான்.

ஆரம்பிக்கும்போதே வாரத்துக்கு எத்தனை டர்ன்னு பேசி வெச்சுக்குங்க, கம்மியாவே சொல்லுங்க, ரெண்டுன்னு சொல்லி மூணு அனுப்பினா சந்தோஷப்படுவான், அஞ்சுன்னு சொல்லி மூணு அனுப்பினா முணுமுணுப்பான். தோக்கறது தெரிஞ்சுடுச்சுன்னா சத்தமில்லாம காணாம போற பழக்கம் நம்மாளுங்ககிட்ட மட்டுமில்ல எல்லா நாட்டுலயும் இருக்கு, வேணாம், "இது முடிஞ்சுது, அடுத்தது ஆரம்பிக்கலாமா" ன்னு ஒரு வரி அனுப்பினா எவனும் கோவிக்க மாட்டான். தீபாவளி, சீனப் புத்தாண்டு லீவு எப்ப, நாம எப்ப ஊருக்குப் போறோம்னு அவனுக்குத் தெரியாது, முன்கூட்டியே சொல்லிடுங்க. ரிசர்விஸ்ட் (ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிடுற) லெட்டர் வந்தாலும் அதே மாதிரிதான், கேம்ப்புக்குள்ள போறதுக்கு முந்தின ராத்திரி கையில இருக்குற டர்ன அனுப்பிட்டு, எந்தத் தேதிக்குத் திரும்புவீங்கன்னும் எழுதிடுங்க.