மணி அடிக்குது, குரல் வரலையா?

கோத்தகிரி பக்கம் ஆறு காட்டேஜுக்கு ஐபி போன், அதாவது நெட்வொர்க் கேபிளில் பேசும் போன், மாட்டிக் கொடுத்தேன். ஆபீஸ் ரூமில் ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் (சுருக்கமாக 'பை'), அதில் கால்களை இணைத்துவிடும் ஆஸ்டெரிஸ்க் சாப்ட்வேர். ஓனர் அக்கா இருப்பது கோயம்புத்தூரில்; மொபைல் ஆப்பில் அவருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன். மறுநாளே கூப்பிட்டார்: "தம்பி, பசங்க பேசறது எனக்கு நல்லாக் கேக்குதுங்க. நான் பேசறதுதான் அங்க கேக்கலையாமா."

இந்தப் புகார் வந்தால் உடனே ஏணியைத் தூக்காதீர்கள். ஒரு பக்கம் கேட்கிறது என்றால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது.

நம்பரை அழுத்தியதும் முதலில் நடப்பது பேச்சு இல்லை, பேச்சுவார்த்தை. அதை நடத்தும் விதிமுறை எஸ்.ஐ.பி., எங்கள் வாயில் 'சிப்'. அதன் வழக்கமான போர்ட், அதாவது கதவு எண், 5060. 'இன்வைட்' போகும், '180 ரிங்கிங்' வரும், எடுத்ததும் '200 ஓகே', அதற்குப் பதில் 'ஆக்', அதாவது 'கிடைத்தது'. குரலைச் சுமப்பது ஆர்.டி.பி., அது வேறு போர்ட்டில் வேறு வழியாகப் போகும். மணி அடித்தும் குரல் வராமல் போவது இதனால்தான்.

குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி அந்த இன்வைட், 200 ஓகே இரண்டுக்குள்ளேயும் இருக்கும். என் பை அதில் உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் தன் வீட்டு முகவரியை எழுதியிருந்தது: 192.168.1.20. கோவையில் அக்காவின் போன் அதை நம்பி, குரலைத் தன் வீட்டுக்குள்ளேயே 192.168.1.20-ஐத் தேடி அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் ஆப்பில் 'ஸ்டன்' ஆன் ஆகியிருந்ததால், வெளியிலிருந்து பார்த்தால் தன் முகவரி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சரியாகச் சொல்லிவிட்டது. அதனால் அவருக்கு மட்டும் கேட்டது. தப்பு என்னுடையதுதான்.

சரிசெய்ய: ஆஸ்டெரிஸ்க்கில் 'எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்', 'எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்' இரண்டிலும் வெளி ஐபியைப் போடுங்கள். 'லோக்கல் நெட்'டில் உங்கள் உள் நெட்வொர்க். போன்கள் பையை விட்டுவிட்டு நேராகக் குரல் அனுப்பிக்கொள்ளும் 'டைரக்ட் மீடியா' வேண்டாம். ரவுட்டரில் 5060-ஐயும், ஆர்.டி.பி.க்கு 10000 முதல் 20000 வரையும் யூடிபியில் பைக்குத் திருப்புங்கள். 'சிப் ஏ.எல்.ஜி.' என்று ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று முகவரியைக் கன்னாபின்னாவென்று மாற்றி வைக்கும்.

கால் சரியாக 32 நொடியில் கட் ஆனாலும் நோய் இதேதான். ஆக் வந்து சேரவில்லை. அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு சர்வர் இணைப்பை வெட்டிவிடுகிறது.

இதற்கு முன்னால் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது வெளிப்பக்க முகவரியை, பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் உங்கள் முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டிருக்கின்றன. போர்ட் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளியே ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதற்கும் பைக்கும் நடுவில் வயர்கார்டு வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை போடுவது ஒரு வழி.

அப்புறம் அக்காவின் அடுத்த கேள்வி: "100 எம்பி லைன் இருந்தும் ராத்திரியில ஏன் உடையுது?" குரலை டேட்டாவாக்கும் ஜி.711 கோடெக்கில் ஒரு நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்பு 40 பைட். மொத்தம் 80 கேபிபிஎஸ்தான். வேகம் போதாமல் இல்லை, வரிசை நிற்கிறது. விருந்தாளிகள் தொட்டபெட்டா படங்களை ஏற்றும்போது குரல் அதன் பின்னால் மாட்டிக்கொள்கிறது. லேட்டாக வரும் குரல் பாக்கெட், சாக்குக்குள்ளேயே சூடேறிப்போன பச்சைத் தேயிலை மாதிரி. வாங்கி வைத்து என்ன செய்ய? அதனால்தான், தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்காத யூடிபியில் குரலை அனுப்புகிறார்கள். கொஞ்சம் முன்பின்னாக வருவதை, அதாவது ஜிட்டரை, போனில் இருக்கும் பஃபர் சமாளிக்கும். ரொம்பத் தாமதமானால் அதுவும் கைவிரித்துவிடும். ரவுட்டரில் க்யூ.ஓ.எஸ். திறந்து குரலுக்கு முதலிடம் கொடுங்கள், மொத்த அப்லோடையும் லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள்.

5060-ஐத் திறந்த மறுநாள் காலை லாக்கைப் பார்த்தால், ஊர்பேர் தெரியாத ஐபியெல்லாம் வந்து கதவைத் தட்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் 101-க்கு பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் ரவுட்டரில் கை வையுங்கள்.